அழுத்திச் சொன்னால் அர்த்தம் மாறும்

முன்னுரை

சென்ற ஐப்பசி மாதத்தில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை நேரத்தில் எங்கள் பள்ளியில் ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. அதுவே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று.

பள்ளி முடிந்ததும் நூலகத்தைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டும் பொறுப்பு எங்கள் வகுப்பில் இரு மாணவியருடையது. அவர்களுள் ஒருத்தி எங்கள் உயிர்த்தோழி. திருச்செங்கோட்டுக்கு அருகே ஒரு சிற்றூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள். அவள் தந்தையார் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் வேலை பார்க்கிறார். ஆண்டில் பல மாதங்கள் வடநாட்டில் இருப்பார். எட்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த அவளுக்கு ஆங்கிலம் பேச முதலில் சற்று அச்சம் இருந்தது. எனினும் பள்ளி வராந்தாவில் ஆங்கிலத்திலேயே பேச வேண்டும் என்ற விதியை அவள் மீறியதே இல்லை.

அன்று மாலை சிஸ்டர் ஒருவர் அவளைப் பார்த்து, "நூலகம் பூட்டியாயிற்றா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் பணிவுடன், "ஐ டிட் நாட் லாக் தி லைப்ரரி, சிஸ்டர்" என்றாள். உடனே சிஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு, கொட்டும் மழையில் மைதானத்தைக் கடந்து நூலகத்துக்குப் போனார். அங்கே கதவு பூட்டியிருந்தது. நனைந்த அங்கியோடு திரும்பி வந்தவர், "என்னோடு விளையாடுகிறாயா?" என்று கடிந்துகொண்டார். அவள் ஒன்றும் சொல்லத் தெரியாமல் நின்று அழுதாள். சுற்றி நின்ற நாங்கள் சிரித்தோம். அதை எழுதவும் எங்களுக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. அதன்பின் ஆங்கிலத்தில் "எஸ் சிஸ்டர்", "நோ சிஸ்டர்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை. பள்ளித் திருவிழாத் திருப்பலியில் ஆங்கில மன்றாட்டு ஒன்றை வாசிப்பதற்காகக் கொடுத்திருந்த தாளையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பிழை எங்கே?

மறுநாள் எங்கள் தமிழாசிரியை அம்மா இச்செய்தியைக் கேள்வியுற்றார். தோழியை அழைத்து, "அதையே தமிழில் எப்படிச் சொல்லியிருப்பாய்?" என்று கேட்டார்.

"பூட்டுனது நானில்லைங்க, அவதானுங்க" என்றாள் அவள், எங்கள் கொங்கு வழக்கில்.

அம்மா சிரித்தார். "இவள் பொய்யும் சொல்லவில்லை, விளையாடவும் இல்லை. 'நான்' என்ற சொல்லின்மேல் வைக்க வேண்டிய கனத்தை ஆங்கிலத்தில் எப்படி வைப்பது என்று இவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்" என்றார். பிறகு அவரும் எங்கள் ஆங்கில ஆசிரியையான சிஸ்டரும் சேர்ந்து எங்களுக்கு இரண்டு பாடவேளைகள் இதைப் பற்றியே நடத்தினார்கள். அதில் நாங்கள் கற்றதையும், பின்னர் நூல்களில் தேடி அறிந்ததையும் இங்கே தருகிறோம்.

ஒரு வாக்கியம், நான்கு பொருள்

அந்த வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். மேற்கோள் குறிக்குள் உள்ள சொல்லை மட்டும் உரக்கவும் நீட்டியும் படித்துப் பாருங்கள்.

'ஐ' டிட் நாட் லாக் தி லைப்ரரி. - நூலகத்தைப் பூட்டியது நானில்லை (வேறொருத்தி பூட்டினாள்).

ஐ டிட் 'நாட்' லாக் தி லைப்ரரி. - நான் நூலகத்தைப் பூட்டவேயில்லை.

ஐ டிட் நாட் 'லாக்' தி லைப்ரரி. - நூலகத்தைப் பூட்டத்தான் இல்லை (சாத்தி மட்டும் வைத்தேன்).

ஐ டிட் நாட் லாக் தி 'லைப்ரரி'. - நூலகத்தைத்தான் பூட்டவில்லை (வேறு அறையைப் பூட்டினேன்).

ஆங்கிலச் சொற்கள் நான்கிலும் ஒன்றே. அவற்றின் வரிசையும் ஒன்றே. மாறியது குரல் ஏறும் இடம் மட்டும். எங்கள் தோழி எல்லாச் சொற்களையும் ஒரே கனத்தில் சொன்னாள். 'ஐ' தனித்து ஒலிக்காததால், பூட்டு விழவில்லை என்ற பொதுப் பொருளே சிஸ்டரின் காதில் விழுந்தது. மழையில் நடக்க நேர்ந்ததற்குக் காரணம் இதுவே.

தமிழ் செய்யும் முறை

மேலே உள்ள தமிழ் வாக்கியங்களை மறுபடி பாருங்கள். நாம் குரலை மட்டும் நம்பவில்லை. 'ஏ', 'தான்' போன்ற இடைச்சொற்களைச் சேர்த்தோம். 'பூட்டியது நானில்லை' என்று வாக்கியத்தையே மாற்றி அமைத்தோம். ஆகவே, தமிழில் கனம் எழுத்திலேயே தெரிகிறது. தாளில் படித்தாலும் பொருள் மாறாது.

இதை நம் முன்னோர் நுட்பமாக அறிந்திருந்தனர். தொல்காப்பியம் ஏகாரத்திற்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள் கூறுகிறது. நன்னூல் இசைநிறையையும் சேர்த்து ஆறாக்குகிறது. உறுதியாகச் சொல்வது தேற்றம். பலவற்றுள் ஒன்றைப் பிரித்துக் காட்டுவது பிரிநிலை. இவ்விரண்டும் ஆங்கிலேயர் குரலால் செய்யும் வேலைகளே. 'உம்' என்ற இடைச்சொல்லுக்கும் ஓகாரத்திற்கும் நன்னூல் எட்டெட்டுப் பொருள்கள் கூறுகிறது. தேர்வுக்காக இவற்றை மனப்பாடம் செய்தபோது, இவற்றால் ஒரு தோழியின் கண்ணீரைத் துடைக்க முடியும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

வினாவிலும் இப்படியே. 'ஆ' என்ற ஓரெழுத்து வாக்கியத்தில் எங்கு வேண்டுமானாலும் போய் உட்காரும்:

நீயா நேற்று நாமக்கல்லுக்குப் போனாய்?
நீ நேற்றா நாமக்கல்லுக்குப் போனாய்?
நீ நேற்று நாமக்கல்லுக்கா போனாய்?
நீ நேற்று நாமக்கல்லுக்குப் போனாயா?

ஆங்கிலத்தில் நான்குக்கும் "டிட் யூ கோ டு நாமக்கல் எஸ்டர்டே?" என்ற ஒரே வாக்கியம்தான். 'யூ' என்பதை அழுத்தினால் முதல் வினா, 'எஸ்டர்டே' என்பதை அழுத்தினால் இரண்டாம் வினா, 'நாமக்கல்' என்பதை அழுத்தினால் மூன்றாம் வினா.

இந்த ஏகாரத்தைப் பற்றி ஒரு செய்தி. எகரத்தையும் ஏகாரத்தையும் இன்று நாம் எழுதுவதுபோல் வேறுபடுத்தி எழுத வழிகாட்டியவர் வீரமாமுனிவர் (1680-1747). இத்தாலியிலிருந்து வந்த அவர், நம் செந்தமிழுக்கும் பேச்சுத்தமிழுக்கும் தனித்தனியே இலத்தீன் மொழியில் இலக்கணம் எழுதினார். அயல்மொழி ஒன்றை அவ்வளவு உன்னிப்பாகக் காது கொடுத்துக் கேட்டவர் அவர். நாமும் ஆங்கிலத்தை அப்படிக் கேட்கப் பழக வேண்டும் அல்லவா?

ஜப்பானியரும் நம்மைப் போலவே

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலம் கற்கும் ஜப்பானியருக்கும் உண்டு என்று சிஸ்டர் கூறியபோது எங்களுக்கு வியப்பும் சிறிது ஆறுதலும் உண்டாயின.

ஜப்பானிய மொழியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும். அங்கும் சிறு இடைச்சொற்கள் பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'வத்தஷி' என்றால் நான். 'வத்தஷி மொ' என்றால் நானும். 'வத்தஷி வ' என்று தொடங்கினால், என்னைப் பொறுத்தவரை என்ற பொருளில் பேச்சு தொடரும். 'வத்தஷி க இக்கிமாஸ்' என்றால் 'நான்தான் போகிறேன்' என்ற பொருள் வரும். (இந்தக் ககரத்தை 'கங்கை' என்ற சொல்லின் இரண்டாம் ககரம்போல் மென்மையாக ஒலிக்க வேண்டும்.) நம் தேற்ற ஏகாரம்போல் 'கொசொ' என்ற ஓர் இடைச்சொல்லும் உண்டு. வாக்கியத்தின் இறுதியில் வல்லோசையோடு 'க' சேர்த்தால் அது வினாவாகிவிடும், நம் 'ஆ'வைப் போலவே.

ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ (1919-2008) தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று நூல்கள் எழுதினார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இல்லாவிட்டாலும், இரு மொழிகளின் வாக்கிய அமைப்பும் ஒத்திருப்பது கண்கூடு.

ஒரு வேற்றுமையும் உண்டு. நமக்குக் குறில் ஒன்று, நெடில் இரண்டு என மாத்திரைக் கணக்கு இருப்பதுபோல் ஜப்பானியருக்கும் ஓசைக் கணக்கு உண்டு. 'ஹைக்கூ' என்னும் அவர்களது சிறு கவிதை 5, 7, 5 எனப் பதினேழு ஓசைகளைக் கொண்டது. ஆனால், தமிழில் இல்லாத ஒன்று அங்கே இருக்கிறது. டோக்கியோ வழக்கில் 'அமெ' என்ற சொல்லின் முதல் எழுத்தில் குரல் உயர்ந்தால் மழை. இரண்டாம் எழுத்தில் உயர்ந்தால் மிட்டாய்! இதில் உரத்துச் சொல்வதும் நீட்டுவதும் இல்லை, சுருதி மட்டும் மாறும்.

1986இல் மேரி பெக்மன் என்ற மொழியியலார் இதை அளந்து காட்டினார். ஜப்பானியர் சொல்லில் ஓரெழுத்தை எடுத்துக் காட்டச் சுருதியை மட்டுமே பெரிதும் நம்புகின்றனர். ஆங்கிலேயரோ சுருதியுடன் நீளம், உரப்பு ஆகியவற்றையும் சேர்க்கின்றனர். ஆகவே, ஆங்கிலம் பேசும் ஜப்பானிய மாணவர் முக்கியமான சொல்லில் குரலை உயர்த்துவார். ஆனால் அதை நீட்ட மாட்டார். மற்றச் சொற்களைக் குறுக்கவும் மாட்டார். கேட்கும்போதும் அப்படியே. குரல் உயராமல் நீளத்தால் மட்டும் காட்டப்படும் அழுத்தம் அவர் காதுக்கு எளிதில் பிடிபடுவதில்லை.

மெய்யெழுத்துக்கள் நெருங்கி வருவதும் அவருக்குத் தொல்லை. 'ஸ்ட்ரைக்' என்று ஆங்கிலேயர் ஒரே வீச்சில் சொல்வதை அவர் 'சு-தொ-ர-இ-கு' என்று ஐந்து ஓசைகளாக்குவார். நாம் சிரிக்கலாமா? சேலம் பேருந்து நிலையத்தில் 'பஸ்ஸு', 'பேங்க்கு', 'இஸ்கூலு' என்பவற்றை நாள்தோறும் கேட்கிறோமே!

குறுக்குவதும் ஒரு கலை

ஆங்கில அழுத்தத்தில் நாம் மறந்துவிடும் மறுபாதி ஒன்று உண்டு. ஒரு சொல் உயர வேண்டுமானால் பக்கத்துச் சொற்கள் தாழ வேண்டும். 'தி', 'டு', 'ஃபார்', 'கேன்' போன்ற சிறு சொற்களை ஆங்கிலேயர் விழுங்குவதுபோல் சொல்வது இதனால்தான். அவற்றின் உயிரெழுத்து மங்கி, 'ஃபார்' என்பது 'ஃபர்' என்றும், 'கேன்' என்பது 'கன்' என்றும் ஒலிக்கும்.

இது நமக்கு முற்றிலும் புதிதன்று. 'பட்டு', 'காடு' முதலிய சொற்களின் இறுதி உகரம் தன் ஒரு மாத்திரையில் குறைந்து அரை மாத்திரையாக ஒலிப்பதைக் குற்றியலுகரம் என்று படித்திருக்கிறோம். ஆங்கிலேயரின் மங்கிய உயிரையும் அவ்வாறே எண்ணிக்கொண்டால் நாக்குக்கு எளிதாகிறது என்பதை நாங்கள் கண்டோம்.

இதைக் கவனிக்காவிட்டால் வரும் ஆபத்து ஒன்று. 'ஐ கேன் கம்' என்றால் வர முடியும். 'ஐ கான்ட் கம்' என்றால் வர முடியாது. இயல்பான பேச்சில் 'கேன்' மங்கும், 'கான்ட்' மங்காது. நாம் 'கேன்' என்பதை நன்றாக அழுத்திச் சொன்னால், 'வர முடியாது' என்று எதிரில் இருப்பவர் எண்ணிக்கொள்ளக்கூடும்!

கேட்கும் காதும் தவறலாம்

அழுத்தத்தைப் பிறர் சொல்லும்போது பிடிக்கத் தவறுவதும் உண்டு. ஒரு தேர்வின்போது மேற்பார்வைக்கு வந்த ஆசிரியை விடைத்தாளைத் தூக்கிக் காட்டி, "டோன்ட் ரைட் யுவர் நேம் 'ஹியர்'" என்றார். 'இங்கே எழுதாதீர்கள், வேறிடத்தில் எழுதுங்கள்' என்பது பொருள். எங்களில் சிலர் 'பெயரே எழுதாதீர்கள்' என்று கொண்டு, பெயரில்லாத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தோம். அவர் தமிழில் "இங்கேதான் எழுதக் கூடாது" என்றிருந்தால் ஒருத்தியும் தவறியிருக்க மாட்டோம். நம் காது 'தான்' வருகிறதா என்று காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'தான்' தனிச்சொல்லாக வராது, குரலாக வரும்.

அறிஞர் கருத்து

ஹைதராபாத்தில் 1958இல் தொடங்கப்பெற்ற மத்திய ஆங்கில நிறுவனம் இன்று ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. அங்குப் பணியாற்றிய ஆர். கே. பன்சல், இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எங்கெங்கே விளங்காமற் போகிறது என்று ஆராய்ந்து 1969இல் வெளியிட்டார். தவறான இடத்தில் அழுத்துவதும் காரணங்களுள் ஒன்று என்று அவர் கண்டார்.

2000ஆம் ஆண்டில் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி, ஜப்பானியர், சுவிட்சர்லாந்து நாட்டவர் முதலியோர் தமக்குள் ஆங்கிலம் பேசுவதை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். ஆங்கிலேயரைப் போலவே பேச வேண்டிய தேவையில்லை என்பது அவர் கருத்து. சிறு சொற்களை மங்கச் செய்வதுகூட இன்றியமையாததன்று என்கிறார். ஆனால், வாக்கியத்தில் எந்தச் சொல் முக்கியமோ அதை அழுத்துவதை மட்டும் விடக்கூடாது என்கிறார். ஆகவே, நம் நாட்டு உச்சரிப்புக்காக நாம் நாண வேண்டியதில்லை. சொல்ல வந்த பொருள் மற்றவருக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

நாங்கள் செய்த பயிற்சி

தங்கைமார்களுக்கும் பயன்படும் என்பதால் எங்கள் பயிற்சியைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

1. ஆங்கில வாக்கியத்தை முதலில் தமிழில் நினைத்துப் பாருங்கள். 'தான்' அல்லது 'ஏ' எங்கே வருகிறதோ, ஆங்கிலத்தில் அச்சொல்லை அழுத்துங்கள்.

2. 'தான்' எங்கும் வராத சாதாரண வாக்கியமானால், பெரும்பாலும் கடைசி முக்கியச் சொல்லில் அழுத்தம் விழும்.

3. அழுத்தும் சொல்லில் குரலை உயர்த்துவதோடு சற்று நீட்டவும் வேண்டும். அச்சொல் வரும்போது மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் குரல் தானாக ஏறும்.

4. இருவராக அமர்ந்து, ஒருத்தி ஆங்கிலத்தில் சொல்ல மற்றவள் கண்ணை மூடிக் கேட்டு, 'தான்' சேர்த்துத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு இடம் மாறிக்கொள்ள வேண்டும்.

5. ஐயமிருந்தால் இன்னும் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லுங்கள். "ஐ டிட் நாட் லாக் இட், மை ஃப்ரெண்ட் டிட்" என்று அன்று சொல்லியிருந்தால் சிஸ்டர் நனைந்திருக்க மாட்டார்.

முடிவுரை

இரண்டாம் பாடவேளை முடிந்த மாலையில், அன்று கடிந்துகொண்ட சிஸ்டரே எங்கள் வகுப்புக்கு வந்தார். எல்லோர் முன்னிலையிலும் எங்கள் தோழியிடம், "நீ உண்மைதான் சொன்னாய். நான்தான் சரியாகக் கேட்கவில்லை. என்னை மன்னித்துவிடு, கண்ணு" என்று தமிழிலேயே சொன்னார். இரண்டு 'தான்'களும் எங்கள் அனைவர் காதிலும் விழுந்தன. சிரித்ததற்காக நாங்களும் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். மன்றாட்டுத் தாளை அவள் மறுபடி வாங்கிக்கொண்டாள்.

அந்த மன்றாட்டின் முதல் வரி, வீட்டை விட்டுத் தொலைவில் உழைக்கும் தந்தையருக்காக வேண்டுவது: "ஃபார் அவர் ஃபாதர்ஸ் ஹூ ஒர்க் ஃபார் ஃப்ரம் ஹோம்." தமிழில் எழுதினால் முதல் 'ஃபார்', இரண்டாம் 'ஃபார்' இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. முதலாவது 'ஆக' என்னும் சிறு சொல், அது மங்க வேண்டும். இரண்டாவது 'தொலைவில்' என்னும் சொல், அது ஓங்க வேண்டும். விடுதித் தோட்டத்து மாமரத்தடியில் நான்கு நாள்கள் அவளோடு அமர்ந்து இந்த ஒரு வரியைப் பழகினோம். இரண்டாவது சொல்லின்கீழ் அவள் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தாள்.

திருவிழா அன்று அவள் பீடத்தருகே நின்று வாசித்தாள். முதற்சொல் மெல்ல மங்கியது. 'தொலைவில்' என்ற பொருள் தரும் சொல்லை நீட்டி, அழுத்திச் சொன்னாள். அவள் தந்தையார் அப்போது வண்டியோடு வடநாட்டில் இருந்தார். அந்த வரிக்கு நாங்கள் அனைவரும் ஒரே குரலாக மறுமொழி கூறினோம்.

அன்புத் தோழியரே, ஒருவர் ஆங்கிலத்தில் தடுமாறும்போது சிரிக்காதீர்கள். அவர் எந்தச் சொல்லை அழுத்த நினைத்தார் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். எங்கள் தோழி ஒரு நாள் பட்டினி கிடந்த பின்தான் நாங்கள் அதைக் கற்றோம்.

- பத்தாம் வகுப்பு மாணவி